அம்பலவாணர்க்குக் காந்தம் சான்றாமோ?

தில்லைக் கூத்தப்பிரான் திருவடிப் பெருவிரல் புவிகாந்த நடுக்கோட்டின் மையப்புள்ளியில் அமைந்துளது என்றும், மேனாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்து அதனை உறுதிசெய்தனர் என்றும் ஒரு செய்தி பல்லாண்டுகளாகக் கைப்பேசிவழி உலாவுகின்றது. மங்கலம்பேட்டையில் எம்பாற் சித்தாந்த பாடங் கேட்கும் இளைஞர் ஒருவர் அதனைக் காட்டி, "ஐயா, இது மெய்யோ?" என வினவினார். மெய்யன்று என்றோம். உடனிருந்த அன்பர் சிலர் எம்மை முனிந்தனர். ஆகலின் இதனை எழுதலாயிற்று.

புவிகாந்த நடுக்கோடு உலகைச் சூழ்ந்து வருவதொன்று. அதன்மேல் மையப்புள்ளி என ஒன்றில்லை. அக்கோடும் தில்லை வழியே செல்லாது, தெற்கே தமிழகத்தின் கோடிப் பக்கத்தே செல்வது. காலந்தோறும் இடம் பெயர்வது. அது பெயருந்தோறும் எம்பெருமான் திருவடியையும் பெயர்ப்பரோ இவர்?

காளத்தி, காஞ்சி, தில்லை மூன்றும் 79 பாகை 42 கலையளவில், ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் உள்ளன என்பது உண்மையே. ஆயின் பூதத்தலங்கள் ஐந்தன்றோ? திருவானைக்கா 78 பாகை 42 கலையிலும், திருவண்ணாமலை 79 பாகை 4 கலையிலும் உள. இவ்விரண்டையும் மறைத்து மூன்றையே எண்ணுதல் மெய்யுணர்வார் செயலன்று. நெடுங்கோட்டிற் படாமையால் அப்புலிங்கமும் தேயுலிங்கமும் மாற்றுக் குறைந்தனவோ?

பத்தி மிகுதியால் வந்த சிறுபிழை, விடுக என்பாரும் உளர். அற்றன்று. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியையே அளவையாகக் கொண்டது சிவஞான சித்தியார். கோடும் பாகையும் காட்சிக்கு உரியன. அவற்றைக் கருவியால் அளந்து, கண்டவாறே கொள்ளல் வேண்டும்.

இனி, சுட்டியறியப்படுவது அசத்து. எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியம். இரண்டுமன்றி அருளால் அறியப்படுவதே சிவசத்து என்பது சிவஞானபோதம் ஆறாஞ் சூத்திரத்தின் துணிபு. காந்தவூசி காட்டிப் பதியை நிறுவப் புகுவார், அப்பதியை அசத்தாக்குகின்றனர். கருவிக்கு அகப்படாமையின் இல்லையென்பாரோ சூனியமாக்குகின்றனர். பகைவர்போற் பொருதும் இவ்விருவரும் ஒரே பிழையின் இருகூறே.

பொய்யைத் தூணாக நிறுத்தி மெய்யைத் தாங்குவித்தால், தூண் முறிந்த அன்றே மெய்யும் வீழ்ந்ததென்று இளையோர் மயங்குவர். அவ்விழப்பிற்கு நாத்திகரைக் குறைகூறிப் பயனென்? விஞ்ஞானத்திற்குச் சைவர் அஞ்சவும் வேண்டா; அதன்பாற் சான்று இரக்கவும் வேண்டா. தில்லையிலே திரை நீங்கிய வழிக் கண்ணுக்குப் புலனாவது பொன் வில்வமாலை, ஏனையது வெளி. அவ்வெளியை அளக்கக் காந்தவூசி தேடுதல் என்ன பேதைமை!

திருச்சிற்றம்பலம்.