மெசினை நாங்கள் அனுப்பலாம், மருந்தை நீங்கள்தான் கேட்க வேண்டும்

ஊரில் இருக்கும் என் உறவுகளுக்கு,

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டத்தில் அண்மையில் உங்கள் கடிதம் வாசிக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெசின் ஒன்று தேவை என்று எழுதியிருந்தீர்கள். காசு சேரும். ஒரு இராப்போசன நிகழ்ச்சி வைத்தால் போதும். ஆனால் அதை இயக்க ஆள் நியமனம் உண்டா, பழுதானால் திருத்துவது யார் என்று கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை. நாடா வெட்டிப் படம் எடுத்த பிறகு துணியால் மூடி வைத்த மெசின்கள் உங்களுக்கும் தெரிந்தவைதான்.

மெசினைவிட முக்கியமான கேள்வி, காசில்லாத ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கிறதா என்பது. இலங்கையில் அரச ஆஸ்பத்திரிக் கட்டணம் 1951 இலேயே நீக்கப்பட்டது. கனடாவில் டொக்டரிடம் காசில்லாமல் போகலாம் என்ற ஏற்பாடு முதலில் வந்தது சஸ்கச்சுவான் மாகாணத்தில், 1962 ஜூலை 1 இல். அன்றைக்கே டொக்டர்மார் வேலைநிறுத்தம் தொடங்கி 23 நாள் நடத்தினார்கள். அந்த ஏற்பாட்டுக்கு வழி திறந்த டொமி டக்ளசைத்தான் கனடாக்காரர் 2004 இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் தங்கள் நாட்டின் மாபெரும் மனிதராகத் தெரிவுசெய்தார்கள். நாங்களோ எங்களுக்கு முந்திக் கிடைத்ததைக் காற்றும் தண்ணீரும்போல எடுத்துக்கொண்டோம்.

வாட்டில் படுத்தால் இன்றும் காசில்லை. பிரசவம், விபத்து, மாரடைப்பு எதற்கும் பெரியாஸ்பத்திரி வாசல் திறந்துதான் இருக்கிறது. காசு போவது வேறு வழியால். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஒருவர் விடியப் போய்க் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கிறார். மத்தியானம் போல, "இது இங்கே இல்லை, வெளியில் வாங்குங்கோ" என்று ஒரு சிட்டை கிடைக்கிறது. அடுத்த மாதமும் அதே கதை. கடைசியில் அலுத்துப்போய், அதே டொக்டரைப் பின்னேரம் தனியாரில் சனல் பண்ணிப் பார்க்கிறார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு வரிசையில் நிற்பதே ஒரு நாள் சம்பளம். நாட்டின் சுகாதாரச் செலவில் கிட்டத்தட்டப் பாதி மக்களின் சட்டைப்பையில் இருந்து போவது இப்படித்தான்.

மருந்து விலை கடவுள் விட்ட வழி அல்ல. பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியபோது, தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்தெடுத்து, கம்பனிப் பெயர் பாராமல், கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கலாம் என்று செய்து காட்டினார். உலகமே அதைப் பார்த்துப் படித்தது. பிறகு 2015 இல் மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குச் சட்டம் வந்தது. 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தார்கள். 2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டதும், தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து விவகாரத்தில் 2024 இல் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் இருந்தால் போதாது, அதைக் கண்காணிக்க ஆட்கள் வேண்டும்.

கனடாவைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். இங்கே டொக்டரைப் பார்க்கக் காசில்லை, குளிசைக்குக் காசு. என் குளிசைக்கு வேலையிடத்துக் காப்புறுதி கட்டுகிறது; வேலை போனால் அதுவும் போய்விடும். குடும்ப டொக்டர் கிடைக்காமல் இலட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைப் பூட்டினால் ஊரே எழும்பும். அந்தப் பழக்கம் நமக்கும் வரவேண்டும்.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். நோயாளர் நலன்புரிச் சங்கமும் சனசமூக நிலையமும் சேர்ந்து, வெளியில் வாங்கச் சொல்லி எழுதிய சிட்டைகளை மூன்று மாதம் படமெடுத்து வையுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம். மருந்தின் பெயரும் கடை விலையும் போதும். அந்தப் பட்டியலோடு போய், மாத மருந்து தட்டாமல் கிடைக்க வேண்டும், வேலைக்குப் போகிறவர்களுக்குப் பின்னேரக் கிளினிக் வேண்டும் என்று கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் சிக்கல்தான். யாழ். போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழ். கிராமத்துப் பிரதேச ஆஸ்பத்திரி மாகாணத்தின் கீழ். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதன் பிறகு வருடக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே ஆளுநருக்கு ஒரு பிரதி, மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்கு ஒன்று, உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று.

டொக்டர்மாரைப் பகைக்க வேண்டிவரும் என்று சிலர் பயப்படுவீர்கள். இல்லாத மருந்தை நாள் முழுக்க எழுதிக் கொடுப்பதில் அவர்களுக்கும் சந்தோஷம் இல்லை. 2022க்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டே போனார்கள். மிஞ்சியிருப்பவர்களை முதலில் உங்கள் பக்கம் சேருங்கள். எந்த மருந்து எந்த மாதம் தட்டுப்படும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்கள் ஊரவன்