குட்டி என்ன விலை?

பழைய கிராமபோன் தட்டுகளின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஒரு நாயைப் பார்த்திருப்பீர்கள். ஊதுகுழலின் வாயருகே உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு எஜமானின் குரலைக் கேட்கும் நாய். அதற்கு நிப்பர் என்று பெயர். 1884-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தது. டெரியர் ஜாதிக் கலப்பு. 1895-ல் அது செத்த பிறகு பிரான்சிஸ் பாரட் என்ற ஓவியர் தீட்டிய படம்தான் உலகமெல்லாம் போயிற்று. சங்கீதம் கேட்ட நம் வீடுகளிலும் அந்த நாய்க்கு ஓர் இடம் இருந்தது.

ஆனால் வெள்ளை நிறம் மிகுந்த டெரியர்களில் சில பிறவிச் செவிடு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு காதும் கேட்காவிட்டால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் உள்ளவர்கள் கண்டுபிடிப்பது அரிது. அதற்கென்று இருக்கும் கருவியை வைத்துச் சோதித்தால்தான் தெரியும். நம் ஊரில் குட்டி வாங்குகிறவர்களில் ஒருவராவது இதைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "என்ன விலை?" என்று கேட்கிறார்கள், "காது மடிந்திருக்குமா, நிமிர்ந்திருக்குமா?" என்று கேட்கிறார்கள். கேட்குமா என்று மட்டும் கேட்பதில்லை.

திண்டுக்கல்லில் நான் மாலையில் உலாவப் போகும் தெருக்களில், சில வருஷங்களாகச் சின்ன டெரியர்கள் பெருகி வருகின்றன. ஜாக் ரஸ்ஸல் என்கிறார்கள், யார்க்‌ஷயர் என்கிறார்கள். அவற்றின் மேல் எனக்கு விரோதம் இல்லை. மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் டெரியர். வளைக்குள் தலையை விட்டு எலியையும் நரியையும் விரட்டிய உழைப்பாளி ஜாதி அது. யார்க்‌ஷயர் டெரியர் பிறந்ததே பஞ்சாலைத் தொழிலாளிகளின் வீட்டில்தான். பஞ்சாலையும் புகையிலைக் கிட்டங்கியும் நிறைந்த நம் ஊருக்கு எலி பிடிக்கும் நாய் அந்நியம் அல்ல. உழைத்த நாயைப் பொம்மையாக்கி விற்கிறார்களே, அந்த வியாபாரத்தின் மேல்தான் என் கோபம்.

நாகல் நகரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் ஜாக் ரஸ்ஸல் குட்டி வாங்கினார். "கம்பெனி குட்டி சார், நோயே அண்டாது" என்று விற்றவர் சத்தியம் செய்தார். ஐந்து வயதில் ஒரு நாள் நாயின் இடது கண் சிவந்தது. தூசி விழுந்திருக்கும் என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள். நாலாம் நாள் கண் கலங்கி வீங்கிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஏன் அன்றைக்கே வரவில்லை?" என்றார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், பிடிப்பு அறுந்து இடம் பெயர்ந்துவிட்டது. அதனால் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விட்டது. மறு வருஷம் மற்றக் கண்ணும் போயிற்று. வாசலில் இருக்கும் பூந்தொட்டியில் தினம் முட்டிக்கொண்டு, அதன் பிறகு மெள்ள விலகிப் போகும் அந்த நாயைப் பார்த்தவர்களுக்கு நான் எழுதுவது மிகை என்று தோன்றாது.

இது விதி அல்ல. டெரியர் ஜாதிகள் பலவற்றில் பரம்பரையாக வரும் நோய் இது. பெரும்பாலும் மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் தாக்கும். இதற்குக் காரணமான மரபணுக் கோளாற்றை விஞ்ஞானிகள் 2010-ல் வெளியிட்டார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் போதும், சோதனை முடிந்துவிடும். தாய், தகப்பன் இரண்டும் இந்தக் கோளாற்றை ஒளித்து வைத்திருந்தால், பிறக்கும் குட்டிகளில் நாலில் ஒன்றுக்கு நோய் வர இடமுண்டு. சோதித்துவிட்டு ஜோடி சேர்க்கிறவன் வியாபாரி; சோதிக்காமல் சேர்க்கிறவனை என்னவென்று அழைப்பது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

முழங்காலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சின்ன நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு துள்ளும். மறுபடி ஒன்றும் நடக்காதது போல ஓடும். "என்ன அழகாக நொண்டி ஆடுகிறது பாருங்கள்!" என்று கைதட்டுகிறார்கள். அது ஆட்டம் அல்ல. முழங்கால் சில்லு நழுவி நழுவி ஏறுகிறது. வருஷங்கள் போனால் மூட்டே தேய்ந்துவிடும். இன்னும் சில குட்டிகளுக்கு ஒரு வயது ஆகுமுன்பே, தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது நசிந்து போகும். அறுவைச் சிகிச்சைதான் வழி. யார்க்‌ஷயர் ஜாதியில் மூச்சுக்குழல் தளர்ந்து, வாத்துக் கத்துவது போல இருமல் வரும். அந்த நாய்க்குக் கழுத்துப்பட்டி ஆகாது, மார்பில் மாட்டும் வார்தான் வேண்டும். பக்கத்தில் சுருட்டுப் புகையும் ஆகாது. சுருட்டுக்குப் பேர் போன ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! பால் பற்கள் விழாமல் நின்றுவிடுவதும், பிறகு ஈறு கெடுவதும் சின்ன ஜாதிகளில் சகஜம்.

"சின்ன நாய்தானே அண்ணே, செலவும் சின்னதுதானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வயிறு சின்னது என்பது வாஸ்தவம். ஆனால் வயிறு சின்னதாக இருந்தால் விஷத்தின் அளவும் சின்னதாகிறது. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே அதன் ரத்த அணுக்கள் அழியத் தொடங்கும். ஐந்து கிலோ நாய்க்கு நூறு கிராம் என்பது எம்மாத்திரம்? சின்ன வெங்காயம் மணக்கும் நம் ஊர் பிரியாணியில் மிஞ்சியதைப் பிரியத்தோடு அதன் தட்டில் கொட்டுகிறோம். திராட்சைப் பழமோ சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். நம் பிரியம் நாய்க்கு ஜீரணமாக வேண்டும் என்று சட்டம் இல்லையே!

இவை போதாதென்று ஊருக்குப் பொதுவான தொல்லைகளும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் நாய்க்கு வியர்த்துத் தணிய வழியில்லை. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நடுப்பகலில் தார் ரோட்டில் நடத்தினால் பாதம் வெந்துவிடும். உண்ணி கடித்து ரத்தத்தில் புகும் கிருமிகள் வெள்ளை நாய், கறுப்பு நாய் என்று பார்ப்பதில்லை. 1978-ல் உலகத்தில் தலைகாட்டிய பார்வோ என்னும் கழிச்சல் நோய், ஊசி போடாத குட்டியைச் சில நாளில் கொண்டுபோய்விடும். வெறிநோய் ஊசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மடியில் உட்காரும் நாய்க்கு எதற்கு என்று கேட்கிறவர்கள், மடியில் உட்காருவதால்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

"வம்சாவளிப் பத்திரம் கொடுத்திருக்கிறார்களே!" என்பார்கள். அந்தப் பத்திரம் பாட்டன் பெயரைச் சொல்லும். பாட்டனின் முழங்காலைப் பற்றிச் சொல்லாது. ஒரே ரத்தத்துக்குள் திரும்பத் திரும்ப ஜோடி சேர்த்திருந்தால், அழகான பத்திரம் ஆபத்தான பத்திரமாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் சுதேசி அன்பர்கள் எழுந்து, "அதனால்தான் சொல்கிறோம், ராஜபாளையம் வளர்க்க வேண்டும், கோம்பை வளர்க்க வேண்டும்" என்பார்கள். நல்ல நாய்கள்தான். 2005-ல் தபால் இலாகா ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டது. ஆனால் அந்தப் பால் வெள்ளை நாயிலும் பிறவிச் செவிடு உண்டு. நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்தால் எந்த நாட்டு நாயும் அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். சுதேசியா விதேசியா என்பதல்ல வழக்கு; கண்ணைத் திறந்து வாங்குகிறோமா, மூடிக்கொண்டு வாங்குகிறோமா என்பதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. நாய்க் குட்டி வியாபாரம் செய்கிறவர்கள் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் மத்திய அரசாங்கம் விதி செய்திருக்கிறது. கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டியை அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து காட்டுகிறவனுக்கு அந்த விதி தெரியாமல் இருக்கலாம். வாங்குகிற படித்த மனிதருக்குமா தெரியக் கூடாது?

ஆகவே சின்ன டெரியர் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தாயைக் காட்டச் சொல்லுங்கள். அது நடப்பதையும் ஓடுவதையும் பாருங்கள். கண் சோதனைக் காகிதம் எங்கே என்று கேளுங்கள். பணம் கொடுக்குமுன் கால்நடை டாக்டரிடம் குட்டியின் முழங்காலையும் பல்லையும் இருதயத்தையும் காட்டுங்கள். இவற்றுக்கெல்லாம் முகம் சுளிக்கிறவனிடம் வாதாட வேண்டியதில்லை. வெறுங்கையோடு வீடு திரும்புங்கள். குழந்தைகள் ஒரு வாரம் அழுவார்கள். அந்த அழுகை தீர்ந்துவிடும். பூந்தொட்டியில் முட்டிக்கொள்ளும் நாய்க்கு அப்படித் தீர்கிற துக்கம் இல்லை.