கிருமி மாறுவதற்குக் கூலியாள் காரணமா?

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சேரிகளிலிருந்து கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வெளியூர் போகிறவர்கள் நம் மக்கள். காய்ச்சலோடு திரும்பி, ரத்தப் பரிசோதனையில் மலேரியா என்று தெரிந்தால், மாத்திரையோடு திட்டும் கிடைக்கிறது: "நீங்க ஒழுங்கா சாப்பிடாததாலதான் மருந்தே கேக்காம போகுது." இந்தப் பழியை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

கிருமி பெருகும்போது அதன் மரபணுவில் தற்செயலாக மாற்றங்கள் நேர்கின்றன. மருந்து அரைகுறையாக இருக்கும் உடம்பில், அதைத் தாங்கும் கிருமி மட்டும் பிழைத்து, கொசு வழியாகப் பரவுகிறது. ஃபால்சிபாரம் கிருமியின் ஒரு புரதத்தில் 76ஆவது இடத்தில் நேர்ந்த மாற்றமே அது குளோரோகுயினை வெளியே தள்ள முக்கியக் காரணம். இந்தியாவில் குளோரோகுயின் தோற்பது 1973இல் அசாமின் கார்பி ஆங்லாங்கில் கண்டறியப்பட்டது. நாடு முழுவதும் ஃபால்சிபாரத்துக்குக் கூட்டு மருந்து என்ற கொள்கை வந்தது 2010இல்தான்.

அரைகுறை மருந்தைப் பரப்பியது யார்? கம்போடியாவின் பைலின் பகுதியில் 1960களில் அரசுத் திட்டமாகவே உப்பில் மலேரியா மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். எதிர்ப்புத்திறன் அங்கே வலுப்பெற்றதற்கு அதையும் ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இந்தியாவில் ஆர்ட்டிமிசினின் தனி மாத்திரையை 2009இல் தடை செய்யும்வரை கம்பெனிகள் விற்றன. இதில் எதையும் முடிவு செய்தவர் கூலியாள் இல்லை.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் வருவது விவாக்ஸ் மலேரியா. 3 நாள் குளோரோகுயின், கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியை அழிக்க 14 நாள் பிரைமாகுயின். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். முன்பணம் வாங்கியவரை மேஸ்திரி அதற்குமேல் படுக்க விடுவாரா? மருந்து பாதியில் நிற்கும், காய்ச்சல் திரும்பும். இப்படித் திரும்புவது மருந்து எதிர்ப்பு ஆகாது. ஆனால் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதே குளோரோகுயினைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் அடங்காத விவாக்ஸ் 1989இலேயே பப்புவா நியூ கினியாவில் பதிவாகிவிட்டது. அது இங்கே பரவினால் முதலில் கூலி இழப்பது நாம்தான்.

கடலூர் பக்கம் வேலைக்கு வரும் ஒடிசா, ஜார்க்கண்ட் பழங்குடித் தொழிலாளர்களுக்கும் இதே நிலைதான். "வடக்கத்தியான் நோயைக் கொண்டு வந்தான்" என்ற பேச்சு நம்மைத் திட்டிய அதே வாயிலிருந்து வருவது. அதற்கு நாம் தலையாட்டக் கூடாது.

நாம் கேட்பது இதுதான். மலேரியா உறுதியான தினக்கூலிக்கு 14 நாளும் கூலி இழப்பீடு நல வாரியம் வழியாக வர வேண்டும். தொழிலாளி ஊர் மாறினால், அங்குள்ள சுகாதார நிலையம் மிச்ச மாத்திரையைத் தேடிவந்து கொடுக்க வேண்டும். கொட்டகையில் கொசுவலை தருவது ஒப்பந்தக்காரர் கடமையாக வேண்டும். பக்கத்திலேயே, புதுச்சேரியில், 1975 முதல் நோய்க் கடத்திகளுக்கான மத்திய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இங்கே மருந்து இன்னும் கேட்கிறதா என்பதை நம் ஊர்களில் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிடட்டும்.

நம் மக்களுக்கும் சொல்கிறோம்: காய்ச்சல் விட்டாலும் 14 நாளையும் முடியுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். 2030க்குள் மலேரியாவை ஒழிப்போம் என்கிறது ஒன்றிய அரசு. கூலியாளுக்குப் படுத்துத் தேற 14 நாள் தராமல் அது நடக்காது.