பருத்தி அரவை ஆலைத் தொழிலாளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
பருத்தி அரவை ஆலைத் தொழிலாளர் சங்கம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: பருத்தி அரவை (ஜின்னிங்) ஆலைத் தொழிலாளர்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) வசதியும் தூசிப் பாதுகாப்பும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பருத்தியிலிருந்து பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் டபுள் ரோலர் இயந்திரங்களில் வேலை செய்பவர்கள் நாங்கள். பருத்தி அள்ளிப் போடுவது முதல் பேல் கட்டுவது வரை எல்லாமே பஞ்சுத் தூசிக்குள்தான். நாள்பட அதைச் சுவாசித்தவர்களுக்கு, வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு வாங்கும். பிசினோசிஸ் என்னும் நோயின் அடையாளம் இது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பிசினோசிஸைத் தொழில்நோயாகப் பட்டியலிட்டது. அதே ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமோ பருத்தி அரவையைப் பருவகாலத் தொழிற்சாலை என்று பெயர் சொல்லி விலக்கியது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் பருவகாலத் தொழிற்சாலைக்கான விலக்கு தொடர்கிறது. சீசன் முடிந்தால் ஆலை நிற்கும். நெஞ்சில் ஏறிய நோய் நிற்பதில்லை.

ரோலரில் கோக்கும், குரோமில் பதனிட்ட தோல் வட்டுகளும் தேய்ந்து தூளாகின்றன. ரோலரில் காடி (பள்ளக்கோடு) வெட்டும்போது அந்தத் தூள் முகத்தில் அடிக்கிறது. மும்பையிலுள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் குரோம் இல்லாத ரப்பர் ரோலரை உருவாக்கியும், எங்கள் ஆலைகளில் தோல் ரோலரே சுற்றுகிறது.

எங்கள் கோரிக்கைகள்:

1. இ.எஸ்.ஐ. விலக்கிலிருந்து பருத்தி அரவையை நீக்க மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதுவரை சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் அரசு மருத்துவமனையில் இலவச நுரையீரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

2. ஆலைதோறும் தூசி உறிஞ்சும் அமைப்பைக் கட்டாயமாக்க வேண்டும். காடி வெட்டும் வேலையைத் தனி அறைக்கு மாற்ற வேண்டும். ரப்பர் ரோலருக்கு மாறும் சிறு ஆலைகளுக்கு மானியம் தர வேண்டும்.

3. ஓடும் இயந்திரத்தில் சிக்கிய பஞ்சைக் கையால் எடுக்கவைப்பதைத் தடுக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய பிறகே கத்தியையும் ரோலரையும் துப்புரவு செய்ய உத்தரவிட வேண்டும்.

4. காண்டிராக்ட் ஆட்கள், வெளிமாநிலத்தவர் உட்பட அனைவரையும் பதிவேட்டில் சேர்த்து வேலை அட்டை வழங்கச் செய்ய வேண்டும். எந்த ஆலையில் எத்தனை சீசன் உழைத்தார் என்பதற்குச் சான்று இல்லாதவருக்கு, நோய்க்கு நஷ்டஈடு கேட்கவும் வழியில்லை.

அடுத்த சீசன் தொடங்குமுன் ஆலை நிர்வாகங்களையும் எங்களையும் அழைத்து முத்தரப்புக் கூட்டம் நடத்தி, எழுத்துபூர்வமான முடிவு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்

நகல்: இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சென்னை; மாவட்ட ஆட்சியர், விருதுநகர்.