சந்தாவுக்குப் பணம் வேண்டாம்... நூல் போதும்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஆரி வேலைப்பாடு வகுப்பு, யோகா வகுப்பு என்று தேடினால் தெருவுக்கு ஒன்று கிடைத்துவிடும். கையால் நூல் நூற்க ஒரு குழு? ‘அதுக்கெல்லாம் யாருக்குங்க நேரம் இருக்கு?’ என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு ஒரு சங்கம் 1925-லேயே பதில் வைத்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பாட்னாவில் காந்தி தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கம்தான் அது. 18 வயது தாண்டியவராகவும் வழக்கமாகக் கதர் உடுத்துபவராகவும் இருந்தால் உறுப்பினர் ஆகலாம். சந்தா? பணம் இல்லை, நூல்! முதல் பிரிவினர் மாதம் 1,000 கெஜம் தர வேண்டும். இரண்டாம் பிரிவினர் ஆண்டுக்கு 2,000 கெஜம் தந்தால் போதும்.

1,000 கெஜம் என்றதும் மலைக்க வேண்டாம். மீட்டர் கணக்கில் 914. நாளுக்குச் சுமார் 30 மீட்டர்தான்.

ஆனால், ஒரு கண்டிப்பு உண்டு. ஆள் வைத்து நூற்றால் செல்லாது. நூல் சீராகவும் நன்றாக முறுக்கேறியும் இருக்க வேண்டும். காரணம் எளிது. பொழுதுபோக்குக்காக நூற்பவர் கையில் இழை அறுந்தால் சிரித்துவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். அதே நூல் தறியில் பாவாக ஏறி அடிக்கடி அறுந்தால், நெசவாளியின் அன்றைய கூலியே போய்விடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க, நல்ல ராட்டை கண்டுபிடிப்பவருக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு என்று 1929-ல் சங்கம் அறிவித்தது. பரிசை யாரும் வெல்லவில்லை. 20 ஆண்டுகள் கழித்து, 1949-ல் ஒரு புதிய ராட்டையை உருவாக்கியவர் நம் ஊர்க்காரர். திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதன். மில் இயந்திரத்தின் நுட்பத்தைக் கையால் சுற்றும் ராட்டைக்குள் கொண்டுவந்தார். ‘அம்பர் சர்க்கா’ என்ற பெயரில் ஒளிந்திருப்பது அவர் பெயர்தான்!

அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்தால் ஆரம்பித்துவிடலாம். முதலில் ராட்டைகூட வேண்டாம். ஒரு தக்ளியும் பஞ்சுப் பட்டையும் போதும். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றிய விரல்களாக இருக்கலாம்!

சந்தா மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கட்டும். தினமும் 30 மீட்டர், அறுந்துபோகாத நூல்.