நகல் கடையிலேயே இருந்தால் போதுமா?

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரிலும், நாமக்கல், ராசிபுரம் கடைவீதிகளிலும் பேரேடு இன்று கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. சரக்கு எரிந்தால் இன்சூரன்ஸ் கேட்கலாம்; பாக்கிக் கணக்கு அழிந்தால் யாரிடம் கேட்பது?

2017 மே மாதம் 'வானாக்ரை' வைரஸ் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருந்த நகலையும் அது விடவில்லை. கணக்குக்கு நகல் வேண்டும், விபத்து நேர்ந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்க முடியவேண்டும் என்பது ஜி.எஸ்.டி. 57-வது விதி. ஆகவே பெயரளவு நகல் உதவாது.

இரண்டு பென் டிரைவ் வையுங்கள். கடை சாத்துமுன் ஒன்றில் நகலெடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், மறுநாள் மற்றது. மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, பாக்கித் தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

கல்லாவைப் பூட்டும் நாம் கணக்கைத் திறந்து போடலாமா?