பிள்ளைக்கு முன்னே வந்த நம்பர்

நம் வீட்டுக்கு ஒரு புதிய பிரஜை வரப் போகிறது. ஆணா, பெண்ணா என்பது தெரியாது. தெரிந்துகொள்ள முயல்வதும் 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பெயர் இன்னும் தீர்மானமாகவில்லை. முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் நம்பர் மட்டும் வந்துவிட்டது!

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் மாகாணத்தில் கர்ப்பம் தரித்த ஒவ்வொரு பெண்மணியும் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது நேயர்கள் அறிந்ததே. பதிவானவுடன் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு நம்பர் கிடைக்கிறது. ‘பிக்மி நம்பர்’ என்று ஜனங்கள் அதைச் சொல்லுகிறார்கள். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த நம்பர் வேண்டியிருக்கிறது.

நம் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, “என்ன மாப்பிள்ளை, குழந்தை பிறப்பதற்கு முன்பே ஜாதகம் கணித்துவிட்டார்களா?” என்றார். நமக்கு மட்டும் அந்த ஏற்பாடு மிகவும் இயற்கையாகத் தோன்றியது. ஏனென்றால் நாம் உத்தியோகத்தில் லைப்ரேரியன். நூலகத்தில் ஒரு புஸ்தகம் வந்து இறங்கினால், அதன் பெருமையைப் பற்றி யோசிப்பதற்கு முன் பதிவேட்டில் ஒரு வரிசை எண் கொடுத்துவிடுவோம். பெரிய காவியமாயினும் சரி, சமையல் குறிப்பாயினும் சரி, எண் இல்லாமல் அலமாரிக்குப் போக முடியாது.

ஆம்பூர் என்றால் நேயர்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும்; அடுத்தபடியாகச் செருப்பும் தோலும் ஞாபகம் வரும். நூலகம் ஞாபகம் வராது. அதற்காக நாம் வருத்தப்படவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகிலும் தோலை நம்பியே குடும்பங்கள் பிழைக்கின்றன. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் சாயங்காலத்தில் நம்மிடம் வந்து பரீட்சைப் புஸ்தகம் கேட்கிறார்கள். நமக்கு அது போதும்.

பச்சைத் தோலும் பதனிட்ட தோலும்

இவ்வூரில் குடியிருப்பவர்களுக்குத் தோலின் விஷயம் கொஞ்சம் தெரியாமல் இருக்க முடியாது. மண்டிக்கு வருகிற பச்சைத் தோலை உப்பிட்டு வைக்காவிட்டால் அழுகிப் போகும். பிறகு அதை ஊறவைத்து, சுண்ணாம்பில் இட்டு, மயிரையும் சதையையும் நீக்கிப் பதனிட வேண்டும். முற்காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் குரோமிய உப்பு வந்தது. இத்தனை படிகளையும் தாண்டிய பிறகே அது காலில் போடத் தகுந்த பொருளாகிறது.

இப்போது கைப்பேசியில் வந்து விழும் செய்திகளைப் பார்க்கும்போது நமக்கு மண்டியில் வந்து இறங்கும் பச்சைத் தோல்தான் ஞாபகம் வருகிறது. உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. யார் அனுப்பினார்கள், எந்த ஊர்ச் சரக்கு என்ற அடையாளமும் இல்லை. அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

நம் இல்லாள் கர்ப்பவதியானாள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவிய தினத்திலிருந்து, நம் வீட்டில் அந்தச் சரக்குக்குக் குறைவில்லை. குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று ஒருவர் அனுப்பினார். கிரகண காலத்தில் ஊசி நூலைத் தொடக் கூடாது என்று இன்னொருவர். இந்த வாரம் குழந்தை மாதுளம்பழம் அளவு இருக்கிறது, அடுத்த வாரம் மாம்பழம் அளவு ஆகும் என்று கைப்பேசியிலுள்ள ஒரு செயலி தினம் தெரிவித்தது. “என்னங்க, நம் பிள்ளை பழக்கடையில் பிறக்கப் போகிறதா?” என்று அவள் கேட்டாள். சிரித்துவிட்டோம். இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயமும் உண்டு.

ஒரு பெண் கேட்ட கேள்வி

மூன்று மாதங்களுக்கு முன், நூலகத்தை மூடுகிற வேளையில் ஒரு பெண் வந்தாள். செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிற வேலை. ஐந்து மாதம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கைப்பேசியை நீட்டி, “சார், இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று இதில் சொல்லுகிறார்கள். நான் பத்து நாளாய் நிறுத்திவிட்டேன். நிஜமா, பொய்யா? புஸ்தகத்தில் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள்.

நாம் வைத்தியரல்ல. அலமாரியில் தேடினோம். தாய் சேய் நலம் பற்றி ஒரே ஒரு புஸ்தகம் அகப்பட்டது. அதன் முதல் பக்கத்து வருஷத்தைப் பார்த்தால், கேள்வி கேட்ட பெண் அப்போது பிறந்திருக்கவே மாட்டாள்! நமக்கு மிகுந்த வெட்கமாயிருந்தது. கைப்பேசியைக் குறை கூறுகிறோமே, அதற்குப் பதிலாகக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

ஆனால் லைப்ரேரியனுக்கு ஒரு வித்தை உண்டு. விடை தெரியாவிட்டாலும், விடை தெரிந்தவர் யார் என்று தெரியும். சுகாதாரச் செவிலியரைக் கூப்பிட்டுப் பேசச் செய்தோம். மாத்திரையால் மலம் கறுப்பாகும், குழந்தை கறுப்பாகாது. ரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் ஏற்படும் ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை டீயுடன் சாப்பிடாமல் எலுமிச்சைச் சாறு போன்றவற்றோடு சாப்பிடுவது நல்லது என்று அந்த அம்மாள் பொறுமையுடன் சொன்னார். அந்தப் பெண் அன்றே மாத்திரையை மறுபடியும் ஆரம்பித்தாள்.

போகும்போது அவளுக்கு நாம் மூன்று கேள்விகளைச் சொல்லி அனுப்பினோம். சொல்லுகிறவர் யார்? எப்போது சொன்னார்? சொல்லிவிட்டு எதையாவது விற்கிறாரா? எந்தப் புஸ்தகத்தை வாங்கும்போதும் நாம் கேட்கிற கேள்விகள்தான் இவை.

இரண்டு கதவுகள்

2018-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் திருப்பூரில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யூடியூபில் வந்த படங்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்து முடிக்க முயன்றார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை, தாய் இறந்துபோனாள். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். நாலெழுத்துப் படித்து, நல்லதையே நாடியவர்கள்தான். படிப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் துக்ககரமான அத்தாட்சி வேண்டியதில்லை.

இதை நினைக்கும்போது நம் ஜில்லாப் பக்கத்துப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். தந்தை வைத்தியர். இளம் வயதில் அவர் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தாள். தந்தை வருகிறார் என்றால், ஆண் வைத்தியர் வேண்டாம் என்றார்கள். மகளோ வைத்தியம் படித்தவளல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். அந்த இரவுதான் அம்மையாரை வைத்தியம் படிக்க அனுப்பியது. 1899-இல் அமெரிக்காவில் பட்டம் பெற்று 1900-இல் திரும்பி, ஒற்றைப் படுக்கையுடன் வேலூரில் வைத்தியத்தை ஆரம்பித்தார். 1918-இல் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளி திறந்தார். இன்று தேசமெங்குமிருந்து நோயாளிகள் வந்து இறங்குகிற பெரிய ஆஸ்பத்திரி அப்படி வளர்ந்ததுதான்.

அந்த மூன்று பெண்களும் கதவு சாத்தியிருந்ததால் இறந்தார்கள். திருப்பூர்ப் பெண்மணியோ, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பேசலாம் என்று கதவு திறந்து கிடந்ததால் இறந்தாள். கதவைத் திறந்து வைப்பது நாகரிகம். வாசலில் வந்து நிற்பவர் யார் என்று விசாரிப்பது அதைவிடப் பெரிய நாகரிகம்.

நம் வீட்டுத் தீபத்தின் அடியில்

இவ்வளவு ஞானத்தையும் ஊராருக்கு உபதேசித்த நாம் நம் வீட்டில் என்ன செய்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையும் நிறைய வளையல்கள். அடுத்த வாரமே வளையல் இறுகுகிறது என்றாள். கால் வீங்கியிருந்தது. “முதல் பிள்ளை என்றால் அப்படித்தான்” என்றார் மாமியார். நாம் உடனே கைப்பேசியை எடுத்துத் தேடினோம். கர்ப்ப காலத்தில் கால் வீக்கம் சகஜம் என்று முதலிலேயே வந்தது. பெருமையுடன் அவளிடம் காட்டினோம். “தலை வலிக்கிறதே” என்றாள். “தூக்கம் போதவில்லை” என்றோம். சொல்லுகிறவர் யார், எப்போது சொன்னார் என்று நாம் கேட்கவில்லை. நாம் விரும்பிய விடை கிடைத்துவிட்டது, தேடுவதை நிறுத்திவிட்டோம்.

மூன்றாம் நாள் வழக்கமான பார்வைக்கு வந்த செவிலியர் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். 150-க்கு 100. அவர் முகம் மாறியது. “தலைவலி எத்தனை நாளாக இருக்கிறது, அம்மா? கண் மங்கலாகத் தெரிகிறதா?” என்று அவளைத்தான் கேட்டார், நம்மைப் பார்க்கவேயில்லை. ஒரு மணி நேரத்துக்குள் வேலூர் சாலையில் இருந்தோம். சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரம். நம் வாழ்நாளில் அவ்வளவு நீளமான சாலையை நாம் கண்டதில்லை. சிறுநீரிலும் புரதம் இருந்தது. கால் வீக்கம் சகஜந்தான். ஆனால் வீக்கத்தோடு தலைவலியும் அழுத்தமும் சேர்ந்தால் தாய்க்கு வலிப்பு வரக் கூடும், இருவர் உயிருக்கும் அபாயம் என்று ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். சில தினங்கள் வைத்திருந்து, மருந்து கொடுத்து, வாரம் இரண்டு முறை வரவேண்டுமென்று சொல்லி அனுப்பினார்கள்.

கைப்பேசி சொன்னது பொய்யல்ல. பாதி மெய். பாதி மெய்யைக் கண்டுபிடிப்பது பொய்யைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். செயலிக்கு எல்லாக் கர்ப்பவதிகளையும் தெரியும். நம் வீட்டில் தலைவலியோடு படுத்திருந்தவளைத் தெரியாது. அவளைத் தொட்டுப் பார்க்க ஒரு மனுஷி வரவேண்டியிருந்தது.

நாம் வேண்டுவது

இதனால் புதிய சாதனங்களே வேண்டாம் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1998-ஆம் வருஷத்துப் பொங்கலில் ஆரம்பித்த மதுரைத் திட்டத்தினால், எத்தனையோ பழந்தமிழ் நூல்கள் உலகின் எந்த மூலையிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பன்னிரண்டு இலக்க நம்பரும் நமக்கு உபகாரமே செய்தது. அதன் கீழ் முந்தைய மாதங்களின் கணக்கெல்லாம் பதிவாகியிருந்ததால் வேலூரில் மறுபடியும் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணக்கை எழுதி வைத்தவர் யார் என்று தெரியும். அவருக்குப் பொறுப்பும் உண்டு. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் அவர்கள் 1931-இல் நூலக சாஸ்திரத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது அவற்றில் கடைசி விதியின் கருத்து. உயிரென்றால் அதற்கும் போஷாக்கு வேண்டும். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் தாய் சேய் நலத்துக்கு ஓர் அலமாரித் தட்டாவது ஒதுக்கி, காலாவதியான புஸ்தகங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்க வேண்டும். மாதத்தில் ஒரு மாலை ஒரு சுகாதாரச் செவிலியர் அங்கே வந்து உட்கார்ந்து, ஜனங்கள் கைப்பேசியில் கொண்டுவருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். செலவு ஒரு நாற்காலியும் ஒரு மேஜையுந்தான். ஆம்பூரில் உருதுவிலும் ஒருவர் பதில் சொன்னால் இன்னும் நல்லது.

நாம் நம் பங்குக்கு அந்தப் பழைய புஸ்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டோம். செவிலியரிடமும் பேசியிருக்கிறோம். முதல் செவ்வாய்க்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். செருப்புத் தொழிற்சாலைப் பெண், தன்னோடு வேலை செய்யும் நாலு பேரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து மாமியார் குரல் கொடுக்கிறார். இப்பொழுது நம் வீட்டில் தினம் காலையில் ரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. அதை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் தேதியிட்டு எழுதுவது நம் வேலை. இன்றைக்கு 128-க்கு 82. நம் உத்தியோகத்தில் எத்தனையோ ஆயிரம் எண்களைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். இதைவிட அழகான எண்ணை எழுதியதாக நமக்கு ஞாபகமில்லை.